தொலைத்தொடர்பு படிப்பவர்கள் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். வாங்கலாமா?

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்பது கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர், பார்க்க பென்டிரைவ் மாதிரிதான் இருக்கும். கணினியில் டிவி பார்ப்பதற்காகச் செய்த சிப், ஆனால் பிடிக்கிற அலையை அப்படியே சாம்பிள்களாக, அதாவது எண்களாக, கொட்டவும் தெரியும் என்று 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்ததும் ரேடியோ கிறுக்கர்கள் அதை விடவே இல்லை. சிக்னல்ஸ் பாடம் தொடங்கும்போதே ஒன்று வாங்கிவிடுங்கள் என்பேன்.

ஏனென்றால், ஒரு எஃப்.எம். நிலையத்தைப் பிடித்து, ஜிஎன்யு ரேடியோ என்ற இலவச மென்பொருளில் டீமாடுலேட் செய்து (அலையில் ஏற்றி அனுப்பியதைப் பிரித்தெடுத்து), ஒலியாக்குவதற்கு முன்னால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். 15 கிலோஹெர்ட்ஸ் வரை பேச்சும் பாட்டும் குதித்துக்கொண்டிருக்கும், 19-இல் ஊசி போல ஒரு கோடு அசையாமல் நிற்கும், அதுதான் ஒலிபரப்பு ஸ்டீரியோ என்று ரிசீவருக்குச் சொல்லும் ஸ்டீரியோ பைலட். 38-ஐச் சுற்றி இடது-வலது வித்தியாசம், 57-இல் ஆர்.டி.எஸ். (நிலையத்தின் பெயர் போன்ற தகவல்) இருந்தால் அதுவும். தேர்வுக்காக உருப்போட்ட படம் கண்முன்னே ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சாம்பிளும் 8 பிட்தான், கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கண்டபடி ஏற்றினால் பக்கத்து நிலையம் தான் இல்லாத இடத்திலெல்லாம் தலைகாட்டும். போலிகளும் நிறைய. அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் படிகத்தில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இருந்தால் 900 மெகாஹெர்ட்ஸில் 45 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டும், அதனால் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கேற்ப பிழையைச் சரிசெய்துகொள்ளும் படிக ஆசிலேட்டர்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே நேரத்தில் தடுமாறாமல் தருவது சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம். எல்.டி.இ.யின் (4ஜி) ஒத்திசைவு சிக்னல்கள் நடுவில் 1.08 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் 700, 800, 900 பேண்டுகளில் செல் ஐடியை (டவரின் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ள அடையாள எண்ணை) கூடக் கண்டுபிடிக்கலாம், அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது. 5ஜி வேண்டாம், அதன் முக்கிய பேண்டான 3.5 ஜிகாஹெர்ட்ஸ் இதற்கு எட்டவே எட்டாது. அப்புறம், இது கேட்க மட்டும்தான், அனுப்பாது.

சரி, வேலைக்கு உதவுமா? ஆர்.எஃப். (ரேடியோ அலை) பிளானிங், வண்டியில் சுற்றி சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட், ஆப்டிமைசேஷன் பக்கம் போகிறவருக்கு நிச்சயம் உதவும், இடையூறு எது, ரிசீவரே திணறுவது எது என்று கண் பழகிவிடும். ஆனால் துறை என்றால் டவர் மட்டும் இல்லையே. டவர்களுக்குப் பின்னால் அழைப்பையும் டேட்டாவையும் கையாளும் கோர் நெட்வொர்க்குக்குப் போகிறவருக்கு லினக்ஸும், ரவுட்டிங்கும், நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் மென்பொருளில் ஒரு எஸ்.ஐ.பி. (இணையவழி அழைப்புக்கான நெறிமுறை) அழைப்பை வரிவரியாகப் படிக்கும் பழக்கமும்தான் சோறு போடும், அதற்கு இந்த டாங்கிள் தேவையே இல்லை. ஃபைபர் பக்கம் போகிறவருக்கும் அப்படித்தான்.

வாங்கினால் ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயரும் சேர்த்து வாங்குங்கள். லேப்டாப்பில் நேராகச் செருகினால் அதன் இரைச்சலே பாதி ஸ்பெக்ட்ரத்தை அடைத்துக்கொள்ளும்.