அவுட்பேக் மண்சாலையில் 2.6 இன்ச் டியூப்லெஸ் டயர்: நீண்டநாள் அனுபவம்

ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் என்னும் வறண்ட உள்நாட்டில் உள்ள ஊட்னடாட்டா பாதையில் தனியாகப் போக எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, முதலில் டயரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 2.6 இன்ச் அகல டியூப்லெஸ் டயரைப் பல குளிர்காலங்களாகத் தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் ஓட்டி வருகிறேன். ஸ்டீல் ஃப்ரேம், 29 இன்ச் சக்கரம், கூடாரம், சாப்பாடு, தண்ணீர் என்று முழுப் பாரத்தோடு.

மரீயில் தொடங்கும் பாதை வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை சுமார் 620 கி.மீ. போகிறது. பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான். 1872-இல் முடிந்த தந்திக் கம்பித் தடத்தையும், 1980-இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் தடத்தையும் ஒட்டிச் செல்லும். 1897-இல் ஜெரோம் மியூரிஃப் தெற்கிலிருந்து டார்வின் வரை சைக்கிளில் கண்டத்தைக் கடந்ததும் இந்தப் பக்கமாகத்தான். இன்றைய டயர்கள் இல்லாமல் அவர் அதைச் செய்தார் என்பதை நினைத்தால் இன்னமும் மலைப்பாக இருக்கிறது.

வண்டிகள் வேகமாகப் போய்ப் போய் சாலை தகரக்கூரை மாதிரி வரிவரியாகிவிடும். ஒல்லி டயரில் அந்த அதிர்வு முழுக்கக் கைக்கும் கேரியர் போல்ட்டுக்கும் போகும். அகல டயரில் காற்றை 22 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் அதில் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்கிறது. மணலில் வித்தியாசம் இன்னும் அதிகம். மரீயிலிருந்து வில்லியம் க்ரீக் 200 கி.மீ.; நடுவே கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாம் இருந்தாலும் 10 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் ஏற்றிக்கொள்கிறேன். அந்த எடையோடு ஒல்லி டயர் புதைந்துவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அப்புறம் முள். ஊர் ஓரங்களில் கேட்ஹெட் என்று சொல்வது நம்ம நெருஞ்சியேதான். டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் மாலையானால் பஞ்சர் ஒட்டுவது வழக்கம். இப்போது முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றினால், டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவம் அடைத்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. வறண்ட காற்றில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், மாதாமாதம் ஊற்ற வேண்டும். பாலைநிலத்தில் பரவிக் கிடக்கும் கிப்பர் கற்கள் டயரின் பக்கச்சுவரை அறுக்கும். அதைச் சீலன்ட் அடைக்காது. வில்லியம் க்ரீக் தாண்டி எனக்கு அப்படி ஒருமுறை கிழிந்தது. தடித்த நூலால் தைத்து, உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து, டியூப் போட்டு ஊட்னடாட்டா வரை போனேன். டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்த பழைய முட்கள் அங்கே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றையும் குறடால் பிடுங்காவிட்டால் புது டியூபும் போய்விடும். எனவே சீலன்ட் புட்டி, டியூப், ஊசி நூல், குறடு நான்கும் கட்டாயம்.

மழை பெய்தால் எந்த டயரும் உதவாது. களிமண் டயரில் ஏறி ஃப்ரேமில் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். சாலையையும் மூடிவிடுவார்கள். கூடாரம் போட்டுக் காய விடுங்கள். அதற்காக இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாக வேண்டும்.

கோடையில் போகவே வேண்டாம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் சரி. பாதையின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடைக்காது, தனியாகப் போகிறவர் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் பிஎல்பி கருவியை உடம்போடு வைத்திருக்க வேண்டும். பையில் வைத்தால், விழுந்து கிடக்கும்போது கைக்கு எட்டாது.

மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஏறியதும் 35 பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொள்கிறேன். தாரில் இந்த டயர் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பின்டயர் சீக்கிரம் தேய்வதால் பாதி ஆயுளில் முன்னதோடு மாற்றிப் போடுகிறேன். அடுத்த பருவத்துக்குப் பின்சக்கரத்தில் மட்டும் பக்கச்சுவர் தடித்த வகை போடப் போகிறேன். எடை கூடினாலும் பரவாயில்லை.