மேசையா, தோட்டமா? லீட்ஸில் ஒரு ஹெர்மன் ஆமை

தண்டையார்பேட்டையை விட்டு நான் தங்கை வீட்டில், இங்கிலாந்தின் லீட்ஸில், இருந்த நாலு வருஷத்தில் ஒரு ஹெர்மன் ஆமையை (தரையில் வாழும் சின்ன ஆமை வகை) முதலில் ஹாலில் மேசைத் தொட்டியிலும் அப்புறம் தோட்டத்திலும் வளர்த்தோம். இப்போது அங்கே குடிபோகிற சித்தப்பா பையன் கேட்கிறான்: "அந்தக் குளிர்ல ஆமைய வெளியில விடுறதாண்ணே?" விடு என்பதுதான் என் பதில்.

மேசைக்கு இடம் கொஞ்சம் போதும், நரி பயமில்லை, எலி பயமில்லை. சரி, அதோடு விட்டுவிடலாம்.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது விளக்குதான். ஓடு கெட்டியாக வைட்டமின் டி3 வேண்டும், அது தோலில் உருவாக வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். மேசையில் அதற்கென்று தனி விளக்கு. சிக்கல் என்னவென்றால் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், யூவிபி மட்டும் சில மாதங்களில் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆமை சோர்ந்து கிடந்தபோது நாங்கள் கீரையைக் குறை சொன்னோம்; மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "விளக்கை எப்போது மாற்றினீர்கள்?" ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வெயில் படட்டும் என்று ஜன்னலோரம் வைத்தது அதைவிடக் கூத்து, சாதாரண ஜன்னல் கண்ணாடியே யூவிபியை வடிகட்டிவிடுமாம்.

தோட்டத்தில் கோடை வெயில் இலவசம். ஒரு சின்ன கிரீன்ஹவுஸ், அதிலிருந்து திறந்தவெளிக்கு ஆமை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. காலையில் உள்ளே சூடேறிக்கொண்டு வெளியே வந்து டான்டிலியன் என்ற மஞ்சள் பூச்செடியை மேயும். மே மாதம் காற்றோட்டம் திறக்க மறந்தால் உள்ளே வெந்துவிடும், ஜாக்கிரதை. மேகம் மூடிய நாளுக்கு உள்ளே ஒரு சூட்டு விளக்கு வேண்டும், ஆக கரண்ட் செலவு மொத்தமாக ஒழியாது. குளிரைவிட ஈரம் கலந்த குளிர்தான் மோசம், படுக்கிற இடம் காய்ந்திருக்கணும். வேலிப் பலகையை மண்ணுக்குள்ளும் இறக்கு, தோண்டிக்கொண்டு போய்விடும்.

குளிர்கால உறக்கத்துக்கு மண்ணை நம்பாமல், தனி ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் வைத்தோம். 10 தாண்டினால் விழித்துக்கொள்ளும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆபத்து. (இங்கே சென்னைக்குக் கொண்டுவரலாமா என்று அம்மா கேட்டார். மார்கழியிலேயே 20 டிகிரி, எங்கே தூங்குவது!) நான் பார்த்தது வளர்ந்த ஆமை ஒன்றுதான், அதனால் குட்டி வாங்கினால் முதல் வருஷங்களுக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. எதை வாங்கினாலும் அதை விற்க அனுமதிக்கும் அரசுச் சான்றிதழோடு வாங்கு.

இல்லை, மேசைதான் என்றால் விளக்கை மாட்டிய தேதியை அதன் அடியில் எழுதி ஒட்டிவிடு.