வீப், ராப்: சரபங்கா வடிநிலத்தில் ஒன்பது ஆண்டுப் பயன்பாடு

சேர்வராயன் மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் சரபங்கா, திருமணிமுத்தாறு ஆகிய இரு துணை வடிநிலங்களின் நீர்ப்பங்கீட்டைக் கணினியில் அமைத்துப் பார்ப்பதற்கு ஒன்பது ஆண்டுகளாக இரண்டு மென்பொருள்களைப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் வீப் (WEAP). மற்றொன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுர்ப்ஸ் உருவாக்கிய ராப் (WRAP). ராப் எவருக்கும் இலவசம். வளரும் நாடுகளின் அரசு, கல்வி, லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு வீப்பின் உரிமமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உரிமம் பெறாமல் நிறுவினாலும் வீப் இயங்கும், செய்த வேலையைச் சேமிக்க மட்டும் விடாது. இதை ஒரு முழுநாள் உழைப்பை இழந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

ராப் மென்பொருளில் வரைபடத்தை இழுத்துப் போட்டு வேலை செய்ய இயலாது. ஒவ்வொரு பயனாளரின் நீர் உரிமையும் உரைக் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். அந்த வரியில் ஒரு முன்னுரிமை எண் இருக்கும், டெக்சாஸில் அது பெரும்பாலும் உரிமை பெற்ற தேதியே. முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை என்பது அங்குள்ள சட்டம். வறட்சி வந்தால் மூத்தவருடைய பங்கு முழுவதும் நிறைந்த பிறகே இளையவருக்குச் சொட்டு கிடைக்கும். எங்கள் ஏரிகளுக்கு எந்தத் தேதியைப் போடுவது? ஓமலூர்ப் பக்கத்து இரண்டு ஊர்களில் எந்த ஏரி மூத்தது என்று கேட்டால் இரண்டு ஊரும் தன்னுடையதையே சொல்லும். அதற்கும் மேலாக, காவிரியின் பங்கீடே தேதியின் வழி வந்ததன்று. 2007ஆம் ஆண்டின் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு 740 டிஎம்சியில் தமிழகத்துக்கு 419 டிஎம்சி என வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை 404.25 ஆகக் குறைத்தது. இவை பங்குகள், பற்றாக்குறை ஆண்டில் எல்லாப் பங்கும் விகிதப்படி சுருங்க வேண்டும் என்பதே இங்குள்ள கருத்து. வீப்பில் ஒரே முன்னுரிமை எண் கொண்ட பயனாளர்களுக்குத் தேவையில் சம விழுக்காடு நிறைவேறும்படி நீர் பிரிக்கப்படுகிறது. நம் வழக்கத்துக்கு அதுவே பொருந்துகிறது. ஆயினும் ஓர் உரிமை எத்தனை மாதங்களில் முழுமையாக நிறைவேறியது, மொத்த அளவில் எவ்வளவு நிறைவேறியது என்று தனித்தனியே காட்டும் ராப்பின் அட்டவணைக்காக அதையும் கைவிடாமல் வைத்திருக்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு மாதக் கணக்கில் ஓட்டியது. வீப்பில் முதல் மூன்று ஆண்டுகள் மாதப் படிநிலையையே, அதாவது ஒரு மாதத்தை ஒரே கணக்காகப் போடும் முறையையே, வைத்திருந்தேன். அக்டோபர் முடிவில் சரபங்காவின் ஏரிகள் அனைத்தும் திரையில் நிரம்பிக் கிடந்தன. நேரில் போனால் பாதி ஏரிகளில் சீமைக்கருவேல மரம் நின்றது. அந்த முடிவைக் காட்டியபோது கடைமடைக்காரர் ஒருவர், "ஏரி நெறயறது மாசக் கணக்குலயா தம்பி? ராத்திரிக் கணக்குல்ல அது?" என்றார். மலைச்சரிவில் பெய்யும் கனமழை இரண்டு இரவுகளில் ஆற்றில் இறங்கிவிடுகிறது. வரத்து வாய்க்கால் தன் அகலத்துக்குத் தக்க நீரை மட்டும் எடுக்க, மீதி அணைக்கட்டின் மேல் வழிந்து காவிரிக்குப் போய்விடுகிறது. மாதக் கணக்கிலோ அந்த இரண்டு நாள் வெள்ளம் முப்பது நாள் வாய்க்கால் கொள்ளளவோடு ஒப்பிடப்படுவதால் முழுவதும் ஏரிக்குள் வந்துவிட்டதாக மென்பொருள் கொள்கிறது. நாள் படிநிலைக்கு மாறியதும் நிரம்பும் ஏரிகளின் எண்ணிக்கை சரிந்தது, உண்மைக்கு நெருங்கியது. ஆனால் நாள்வாரி நீரோட்டப் பதிவு இல்லாத இடங்களில் மழையிலிருந்து அதைக் கணித்தெடுக்க ஸ்வாட் என்ற இன்னொரு மென்பொருளைக் கற்க வேண்டியிருந்தது. ஏற்காட்டு மழையையும் சமவெளி மழையையும் ஒரே நிலையத்திலிருந்து எடுத்தால் அதுவும் கெட்டுப்போகும்.

திருமணிமுத்தாற்றில் வேறு வகைச் சிக்கல். ஏப்ரலில் ஆறு வறண்டதாகத் திரை காட்டியது, ஆனால் சேலம் நகருக்குக் கீழே கரிய நீர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் குடிநீர் சேலத்தில் பயன்பட்டுக் கழிவாக இந்த ஆற்றில் விழுகிறது என்பதை நான் பதிவு செய்யவில்லை; பயன்பட்ட நீர் ஆற்றுக்குத் திரும்புவதைக் காட்டும் திரும்புநீர் இணைப்பை வரைந்த பிறகே கோடையில் ஓடுவது குழாய்வழி வந்த காவிரி நீர் என்பது கணக்கிலும் தெரிந்தது. கீழே உள்ள பாசனக்காரர்களின் உரிமை பற்றிப் பேசும்போது இந்த இணைப்பு இல்லாத கணினி மாதிரி எதற்கும் பயன்படாது.

மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்தையும் இப்போது சேர்த்திருக்கிறேன். அணை 120 அடி நிரம்பினால் மட்டுமே இயங்கும்படி விதி எழுதுவது வீப்பில் ஒரு வரி வேலை. கிணறுகள்தான் இன்னும் தொல்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் வழியில் நிலத்தடி நீர் நிலத்துக்காரருக்கே உரியது என்று கொள்ளப்படுவதால் அதற்குப் பங்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மென்பொருளோ எடுப்பளவாக ஓர் எண் கேட்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஆயக்கட்டில் நடந்து, ஓடும் மோட்டார்களை எண்ணி, அந்தக் கட்டத்தை நானே நிரப்புகிறேன்.