களியக்காவிளை ஹோம்வொர்க் டியூஷன்: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

மூணாம் கிளாஸ் பிள்ளைக்கு எதுக்கு டியூஷன்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், இது மார்க் வாங்க வைக்கிற டியூஷன் இல்ல, ஸ்கூல்ல குடுத்து விடற ஹோம்வொர்க்க ஒரு அளவோட நிறுத்தற இடம். பாறசாலை போற பக்கம் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டு மாடியில வச்சு நடத்தறாங்க, வீடுங்கறதால அட்ரஸ் இங்க போடல.

வாரத்துல நாலு நாள், சின்ன கிளாஸுக்கு அரை மணி நேரம், ஆறாம் கிளாஸுக்கு மேல ஒரு மணி நேரம், மாசம் 400 ரூபா. பிள்ள வந்ததும் டைரிய வாங்கி பாத்து புரியாத கணக்க முதல்ல எடுக்க வைக்கறாங்க, புக்க பாத்து எழுதற கேள்வி பதில் எல்லாம் கடைசிக்குதான், நேரம் ஆச்சுன்னா "போதும் மக்ளே, மூடி வை"ன்னு முற்றத்துக்கு விளையாட அனுப்பிடுவாங்க. அப்போ மிச்சம் என்ன செய்யன்னு கேட்டதுக்கு "நீங்க எழுதிக் குடுக்காதீங்கம்மா, பிள்ள இவ்வளவு நேரம் உக்காந்து எழுதிச்சு, இவ்வளவுதான் முடிஞ்சுதுன்னு டைரியில எழுதி கையெழுத்து போடுங்க, மிஸ்ஸுக்கும் தெரியணும்லா"ன்னாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான், ராத்திரி பத்து மணிக்கு அம்மாமாரு பிள்ளைங்க கையெழுத்துல எழுதறது எத்தன வீட்டுல நடக்குது, அதுல பிள்ள என்ன படிக்கும் சொல்லுங்க.

டீச்சர் சும்மா சொல்லல. ஸ்கூல் பை எவ்வளவு கனம் இருக்கலாம், ஹோம்வொர்க் எவ்வளவு குடுக்கலாம்னு சென்ட்ரல் கவர்மென்ட் போட்ட 2020 ஸ்கூல் பேக் பாலிசிய பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டியிருக்காங்க. ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் ஹோம்வொர்க்கே கூடாது, மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாரத்துக்கே ரெண்டு மணி நேரம்தான், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் தினம் ஒரு மணி நேரம், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம். சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஒண்ணு ரெண்டு கிளாஸுக்கு ஹோம்வொர்க் கூடாதுன்னு 2018லயே மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியாச்சு. முந்தின ராத்திரி வீட்டுல என்ன சாப்பாடு, அதுல என்னென்ன சேத்தாங்கன்னு எழுத வைக்கலாம்னு அந்த பாலிசியில இருக்காம், எங்க வீட்டு பிள்ள மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வந்து எங்கம்மாகிட்ட வாசிச்சு காட்டுச்சு.

தனியா போய் ஸ்கூல்ல கேட்டா பிள்ளைய குறி வைப்பாங்கன்னு எல்லாருக்கும் பயம் உண்டு. அதனால டீச்சர் சொன்னபடி ஆறேழு பேரு சேந்து, வீட்டுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறிச்சு வச்சு பிடிஏ மீட்டிங்குக்கு கொண்டு போனோம், சண்டையெல்லாம் போடல, எல்லா சப்ஜெக்ட்டும் ஒரே நாள்ல குடுக்கறது இப்போ நின்னிருக்கு.

குறைன்னா, டீச்சருக்கு ஹிந்தி தெரியாது, அத நாமதான் பாக்கணும். மாடியில ஷீட் போட்டிருக்கு, ஜூன் மழையும் ஐப்பசி மழையும் ரெண்டும் கிடைக்கற ஊரு, பெய்ய ஆரம்பிச்சா பேசறது கேக்காது. வண்டி நிறுத்தவும் இடம் இல்ல.

ரேங்க் வேணும்னு நினைக்கறவங்களுக்கு இது சரிப்படாது. மத்தவங்க மே மாசமே போய் பேசி வைங்க, ஸ்கூல் தொறந்தப்புறம் போனா இடம் இருக்காது.