எல்.இ.டி. மைக்ரோஸ்கோப்: இலைக்குள் பசுங்கணிகம் ஓடுவது தெரிகிறதா?

தர்மபுரியில் ஆய்வகச் சாமான் கடையில் வாங்கிய பள்ளிக்கூட மாடல் இது. 4, 10, 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் (பொருளுக்குப் பக்கத்து லென்ஸ்), 10 மடங்கு ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்), சார்ஜ் ஏற்றும் விளக்கு. கடையில் வெங்காயத் தோலை வைத்துக் காட்டுவார்கள். அது எந்த மைக்ரோஸ்கோப்பிலும் தெரியும். ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் இலையில் சைட்டோபிளாச ஓட்டம், அதாவது செல்லுக்குள் இருக்கும் கூழும் அதோடு பசுங்கணிகங்களும் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்புகள்) ஓடுவது, தெரிகிறதா என்று பாருங்கள். இதில் அருமையாகத் தெரிகிறது.

ஹைட்ரில்லா ஏரியிலோ வாய்க்காலிலோ கிடைக்கும். இல்லையென்றால் மீன் தொட்டி விற்கும் கடையில் கேட்கலாம். கொத்தை அதே தண்ணீரோடு வெளிச்சத்தில் அரை மணி நேரம் வையுங்கள். சுள்ளென்ற வெயில் வேண்டாம், தண்ணீர் சூடேறினால் ஓட்டம் நின்றுவிடும். நுனிக்குப் பக்கத்து இளம் இலை ஒன்றைக் கிள்ளி, அதே தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள். இலை இரண்டே செல் தடிமன், சீவ வேண்டியதில்லை. 10-இல் நடு நரம்பைப் பிடித்த பிறகே 40-க்குப் போங்கள். அங்கிருந்து ஃபோகஸை நுணுக்கமாகச் சரிசெய்யும் ஃபைன் குமிழியை மட்டும் தொடுங்கள். இந்த மாடலின் பெரிய பலம், வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் டயாபிரம். அதைப் பாதி மூடியதும் செல்லின் ஓரங்கள் எடுப்பாகத் தெரிகின்றன.

பச்சைப்பயறு போன்ற பசுங்கணிகங்கள் செல்சுவரை ஒட்டி வரிசையாக நகர்கின்றன. மூலையில் சற்றுத் தேங்கி, வளைந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருகின்றன. இழுப்பது மயோசின் என்னும் மோட்டார் புரதம். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழித்து, தண்டவாளம் போல இருக்கும் ஆக்டின் என்னும் புரத இழைமேல் அடிவைத்துப் போகிறது. புகையிலைச் செல்லின் மயோசினில் ஓர் அடி சுமார் 35 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்). அது சுமக்கும் நுண்ணுறுப்புகளோடு சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் இழுபடுகிறது. ஆக்டின் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர்தான். இந்த 40 ஆப்ஜெக்டிவ் பிரித்துக் காட்டுவது அரை மைக்ரான் வரை. ஆகவே தண்டவாளம் தெரியாது, சரக்கு மட்டும் தெரியும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் இதே கதைதான்.

எல்லாம் ஒரே திசையில் மிதந்து செல்சுவரையும் தாண்டினால் அது கவர் ஸ்லிப்புக்கடியில் தண்ணீர் ஓடுவது. நின்ற இடத்திலேயே துடித்தால் பிரௌனியன் அசைவு, அதாவது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் நடுக்கம். சந்தேகமென்றால் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள்: உண்மையான ஓட்டம் மந்தமாகி, சூடு திரும்பியதும் மறுபடி வேகமெடுக்கும்.

வேகம் அளக்க ஐபீஸ் அளவுகோல் தனியாக வாங்க வேண்டும். 10 மில்லிமீட்டரை 100 கோடாகப் பிரித்தது என்றால், 40-இல் ஒரு கோடு ஏறக்குறைய 2.5 மைக்ரான். பசுங்கணிகம் பத்துக் கோட்டை 5 நொடியில் கடந்தால் நொடிக்கு 5 மைக்ரான்.

குறை இரண்டு. ஸ்டேஜ் மெல்ல இறங்கி ஃபோகஸ் கலைகிறது. ஃபோகஸை வேகமாக நகர்த்தும் கோர்ஸ் குமிழிக்கு உள்ளே இருக்கும் வளையத்தை இறுக்கினால் சரியாகிறது. இன்னொன்றுக்கு வழியில்லை. ஸ்லைடைப் பிடிக்க வெறும் கிளிப்தான். 40-இல் தெரியும் வட்டமே அரை மில்லிமீட்டருக்குள், விரல் பட்டாலே செல் ஓடிப்போகிறது. திருகி நகர்த்தும் ஸ்டேஜ் உள்ள மாடலுக்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம். எல்.இ.டி. சூடாவதில்லை என்பதால் சொட்டு சீக்கிரம் காய்வதில்லை; கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது.