பெஞ்சைப் பார்க்கும் அந்த நான்கு நொடி

கூடைப்பந்தில், எதிரணி தவறவிட்டுத் திரும்பிவரும் பந்தை (ரீபவுண்டை) பிடித்ததும் ஐந்து பேரும் பறக்கிறார்கள். லே-அப், அதாவது கூடையருகே ஓடிப்போய் எளிதாகப் போடும் வாய்ப்பு, கிடைக்கவில்லை. பந்தை நடத்திச்செல்லும் கார்டு அதைத் தட்டிக்கொண்டே பின்வாங்கி, எந்த ஆட்டத்திட்டம் என்று விரல்களை உயர்த்திக் காட்டி, பெஞ்சிலிருக்கும் பயிற்சியாளரைப் பார்க்கிறார். அதற்குள் எதிரணியினர் கைநீட்டிக் கைநீட்டி ஆளுக்கு ஓர் ஆளைப் பங்கு பிரித்துக்கொண்டுவிடுகிறார்கள். ஓடிச் சம்பாதித்தது அத்தனையும் வீண்.

நிறுத்தி நிதானித்து ஆடும் இந்த முறை, முன்னிலையோடு கடைசி நிமிடத்தைக் கடத்துவதற்குச் சரி. மற்றபடி, ஷாட் எடுக்கக் கிடைக்கும் 24 நொடிக் கடிகாரத்தில் நான்கைத் தானமாகக் கொடுக்க எனக்கு மனம் வராது.

வேக ஓட்டத்திலிருந்து நிற்காமல் அரை மைதான ஆட்டத்துக்குள் (எதிரணியின் பாதியில் திட்டமிட்டு ஆடுவதற்குள்) நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயிற்சியாளர் டீன் ஸ்மித் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வளர்த்து, ராய் வில்லியம்ஸ் தொடர்ந்த செகண்டரி பிரேக், அதாவது முதல் பாய்ச்சல் பலிக்காதபோது அதையொட்டியே தொடரும் இரண்டாம் தாக்குதல். முதலில் ஓடிவரும் நெடியவர் கூடைக்கு அடியில் போய்விடுவார். கடைசியாக வருபவர் மூன்று புள்ளிக் கோட்டின் உச்சியில் பந்தை வாங்கி மறுபக்கத்துக்கு மாற்றுவார். தற்காப்பு திரும்பும்போதே அடுத்த ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) விழும். ஷாட் அமையாவிட்டால் அப்படியே வழக்கமான ஆட்டம் தொடரும். யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

மற்றொன்று டிராக் ஸ்கிரீன். கடைசியாக வரும் நெடியவர், ஓட்டத்தின் போக்கிலேயே பந்து வைத்திருப்பவருக்கு ஸ்கிரீன் போடுவார். மைக் டான்டோனி பயிற்றுவித்த அமெரிக்கத் தொழில்முறை அணி ஃபீனிக்ஸ் சன்ஸ் 2004-05 பருவத்தில் 62 ஆட்டங்களை வென்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்க அழகு, கற்றுக்கொடுப்பதும் எளிது; இரண்டு பேருக்குப் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சன்ஸில் அந்த இருவர், கார்டு ஸ்டீவ் நாஷும் நெடியவர் அமாரே ஸ்டடமயரும். பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போதே ஷாட் எடுக்கத் தெரியாத கார்டு என்றால், அவரைத் தடுப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்பக்கமாகப் புகுந்து எதிரே வந்து நின்றுகொள்வார். பந்து ஒரே கையில் உறைந்துபோகும்.

நாஷ் இல்லாத அணிக்கு நான் கரோலினா முறையையே சொல்வேன். கற்க நாளாகும், போதிய பயிற்சி இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்வதும் நடக்கும். ஆனால் தடுமாறும்போதும் பந்து பக்கம் மாறியிருக்கும். (நெடியவர்கள் இடுப்பில் கைவைத்து நடந்து வந்தால் இரண்டு முறையும் செத்தது.) பயிற்சியில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: கடிகாரம் 16 காட்டுவதற்குள் பந்து மறுபக்கம் போயிருக்கிறதா?