‘நோ சிக்னல்’ என்று வந்தால் மானிட்டரை யாரிடமும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் “சரி, போனது போகட்டும்” என்று நானே விட்டுவிடுவேன். நன்றாக இருந்த மானிட்டரை ரிப்பேர் என்று சொல்லி, புது மானிட்டர் விலையில் பாதியை ஒருவர் என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சி.பி.யு.வில் ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் படம் வரவில்லை. திரை முழு இருட்டும் இல்லை. பட்டனை அழுத்தினால் கம்பெனி பெயர் வரும், அப்புறம் ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னக் கட்டம் மிதக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் போய் பவர் லைட் ஆரஞ்சாகிவிடும். கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தாயிற்று, வேறு கேபிளும் போட்டுப் பார்த்தாயிற்று. கையில் அவசர வேலை. வீட்டுக்கே ஆள் அனுப்பும் ரிப்பேர் ஆப் ஒன்றில் புக் செய்தேன். எந்த ஆப் என்று இங்கே சொல்லப் போவதில்லை.

வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பெரிய பை, பேச்சில் அத்தனை மரியாதை. மானிட்டரைக் குப்புறப் படுக்க வைப்பதற்கு முன்னால் பையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். திரையில் கீறல் விழக் கூடாதாம். அந்தத் துணியைப் பார்த்துத்தான் நான் மொத்தமாக நம்பினேன். அப்புறம் மானிட்டரை நிமிர்த்தி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து “பேக்லைட் செக் பண்றேன் சார்” என்றார். அந்தச் சோதனை பொய் இல்லை. பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு, போன திரையில் டார்ச் அடித்தால் உள்ளே படம் மங்கலாகத் தெரியும். ஆனால் அது வெளிச்சமே இல்லாத திரைக்குச் செய்கிற சோதனை. என் திரையில்தான் எழுத்து பளிச்சென்று வந்துகொண்டிருந்ததே!

அந்த எழுத்தையே காட்டி அடுத்த கதையைச் சொன்னார். “நோ சிக்னல்னு வருது பாருங்க சார், சிக்னலை வாங்கற போர்டு செத்துப்போச்சு. மெயின் போர்டு மாத்தணும்.” போர்டு கெட்டாலும் அப்படி வரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு லேப்டாப்பை அந்த மானிட்டரில் மாட்டிப் பார்த்தால் போதும். அவர் பையிலேயே லேப்டாப் இருந்தது. ஜிப்புக்கு வெளியே அதன் சார்ஜர் வயர் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

“ஆப் வழியா கட்டினா வரி, சர்வீஸ் சார்ஜ்னு ஏறும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? நேரா எனக்கே அனுப்பிடுங்க.” அனுப்பினேன். புது மானிட்டர் விலையில் பாதி. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்துக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்தார். “டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சு சார்” என்று காதில் போனை வைத்தபடியே இறங்கிப் போய்விட்டார். மாட்டினேன். அதே கட்டம், அதே ‘நோ சிக்னல்’, அதே ஆரஞ்சு லைட்.

அக்கா மகன் தன் லேப்டாப்போடு வந்தான். அதே கேபிள், அதே எச்.டி.எம்.ஐ. போர்ட். மாட்டியதும் படம் வந்துவிட்டது. “மாமா, மானிட்டர்ல ஒண்ணுமே இல்ல, சிக்னல் அனுப்பற பக்கம்தான் கோளாறு” என்றவன், சி.பி.யு.வை மின்சாரத்திலிருந்து பிரித்து, மூடியைத் திறந்து, ரேம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, இரண்டு முனையிலும் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினான். கம்ப்யூட்டர் ஓடியது.

போர்டு மாற்றியதால்தான் லேப்டாப்பை மாட்டியதும் மானிட்டரில் படம் வந்தது என்று வாதாடுவார்கள் என்று தெரியும். அதனால் மானிட்டரைத் திருப்பிப் பார்த்தேன். என் மகள் எப்போதோ ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை முன் சட்டமும் பின் மூடியும் சேரும் இடுக்கின் மேல் ஒட்டியிருந்தாள். அந்த இடுக்கை நெம்பாமல் என் மானிட்டரைத் திறக்க முடியாது. ஸ்டிக்கர் கிழியவில்லை, ஓரம்கூட எழும்பவில்லை. பின்பக்க ஓட்டைகளில் தூசி அப்படியே படிந்திருக்கிறது. போர்டு மாற்றுவது இருக்கட்டும், மானிட்டரை அவர் திறக்கவே இல்லை!

போன் செய்தால் முதலில் “வண்டில இருக்கேன் சார், நானே கூப்பிடறேன்.” அப்புறம் “பழைய போர்டா? ஸ்கிராப்ல போட்டாச்சு சார்.” அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். ஆப்பின் சாட்டில் இன்னும் விசேஷம். “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று ஆரம்பித்து, ஸ்டிக்கர் படத்தை அனுப்பியதும் “டெக்னீஷியன் எங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்” என்றார்கள். மேலே கேட்டால் “பணம் ஆப் வழியாக வரவில்லை, எனவே எங்களிடம் பதிவு இல்லை.” ஆளை அனுப்பியது யார், ஐயா? அடையாள அட்டையில் யார் பெயர் இருந்தது? பதிலுக்கு ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, அடுத்த புக்கிங்குக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். புது மானிட்டர் விலையில் பாதியை விட்டவனுக்குக் கூப்பன்!

படம் வராவிட்டால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ‘நோ சிக்னல்’ எழுத்தோ, மானிட்டர் பட்டனை அழுத்தினால் மெனுவோ தெளிவாக வந்தால் திரையும் பேக்லைட்டும் உயிரோடுதான் இருக்கின்றன. மெனுவில் இன்புட் சரியாக இருக்கிறதா பாருங்கள், கேபிள் எச்.டி.எம்.ஐ. 2-இல் இருக்க, மானிட்டர் எச்.டி.எம்.ஐ. 1-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். சி.பி.யு.வில் படத்துக்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில் இருக்க வேண்டும், மதர்போர்டு என்கிற சி.பி.யு.வின் முக்கிய போர்டில் உள்ள போர்ட்டில் மாட்டினால் பல கம்ப்யூட்டர்களில் படம் வராது. யாருடைய லேப்டாப்பையாவது வாங்கி மாட்டிப் பார்க்காமல் மானிட்டரை வெளியே அனுப்பாதீர்கள். பாகம் மாற்றினால் உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள், பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். ஆப்புக்கு வெளியே பணம் கேட்டால் ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் மேல் உள்ள பரிதாபத்தில் நீங்களே மானிட்டரைத் திறந்து பார்க்கவும் கிளம்பிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் இருக்கிற கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், தொட்டால் அடிக்கும்.